ஆவுடையம்மாளின் இரவல்கள்

ஆவுடையம்மாளுக்கு ரசம் வைக்க மறந்துபோன அதே காலையில், எதிர்வீட்டு ஆட்டோக்காரர் முப்பிடாதி, பீடி பற்றவைக்க மட்டுமே அடுப்புப் பக்கம் போய்ப் பழகிய அந்த மனுஷர், பல் துலக்கிய கையோடு சமையல்கட்டுக்குள் நுழைந்து, புளியைக் கரைத்து, மிளகையும் சீரகத்தையும் ஒன்றும் பாதியுமாகத் தட்டி, மல்லித்தழையில் காம்பை மட்டும் கிள்ளிப் போட்டு, நுரை கூடி வரும்போது கொதிக்கவிடாமல் இறக்கி வைத்துவிட்டு, என்ன செய்தோம் என்று ஒரு கணம் கூட யோசிக்காமல் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

அவருடைய பெண்சாதி ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டாள். விட்டதும் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கே ஆவுடையம்மாள் கையில் ஓர் உருண்டைப் புளியோடு அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இதை என்ன செய்ய வேண்டும் என்று தெரியுமா என, பஸ் எங்கே நிற்கும் என்று விசாரிக்கிற வெளியூர்க்காரி மாதிரி, பதற்றமில்லாமல் கேட்டாள். வந்தவள் புளியை வாங்கி ஜாடியில் போட்டு மூடினாள். மத்தியானம் முப்பிடாதி வீட்டிலிருந்து ஒரு தூக்குச் சட்டி நிறைய ரசமும், அதன் மூடிமேல் கொஞ்சம் பருப்புத் துவையலும் வந்து சேர்ந்தன.

துவையல் எதற்கு என்று கோவில்பட்டியில் வேறு எந்தத் தெருக்காரர் வேண்டுமானாலும் கேட்கலாம், ரயிலடித் தெருவில் கேட்க மாட்டார்கள். அந்தத் தெருவில் இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு சிட்டிகை சர்க்கரையாவது, நாலு கறிவேப்பிலையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். ரசம் ஆவுடையம்மாளுடையது, அது எப்படியோ முப்பிடாதியின் கைக்கு வந்துவிட்டது, வந்தது திரும்பிப் போக வேண்டும், போகும்போது வெறும் கையோடு போகக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். ஏன் வந்தது என்று கேட்கிறவர்கள் அங்கே குறைவு. அடுத்தது யாருக்கு வரும் என்று கேட்கிறவர்கள்தான் அதிகம்.

ஏன் என்று கேட்ட ஒரே ஆள் ஆவுடையம்மாளின் புருஷன் பிரம்மநாயகம். கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுவதும் கடைசிப் பெட்டியில் நின்றுகொண்டு, முன்னால் என்ன வருகிறது என்று தெரியாமல், கடந்து போனதை மட்டும் பார்த்துக்கொண்டே போனவர் என்பதால், ஒரு பொருள் காணாமல் போனால் அது எந்தப் பக்கமாகப் போனது என்று தெரியாமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்து, இது மறதி நோய், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும், முதலில் சமையல், கடைகண்ணி, மாத்திரை இந்த மாதிரிக் காரியங்கள், அப்புறம் உடுத்துவது, குளிப்பது என்று வரிசை சொன்னபோது, பிரம்மநாயகம் கேட்ட கேள்வி, "போறது எங்க போகுது டாக்டர்?" என்பது. டாக்டர் அவர் தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். முப்பிடாதி வீட்டு ரசம் வந்த பிறகு பிரம்மநாயகத்துக்குப் பாதி விடை தெரிந்துவிட்டது. டாக்டருக்குத்தான் பாவம், கடைசிவரை தெரியவில்லை.

அதனால் அவர் கண்காணிக்க ஆரம்பித்தார். ஆவுடையம்மாள் தலை சீவும்போது எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முடியை மூன்றாக வகுந்து, வலதை நடுவில் போட்டு, இடதைத் தூக்கியவள், பின்னலின் மூன்றாவது பிரி எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் விரல்களை அந்தரத்தில் நிறுத்தியபோது, அவர் தோளில் கிடந்த துண்டின் நுனி லேசாக அசைந்தது. வாசற்படியில் குறுக்கே படுத்திருந்த நாய், யாருக்கோ வழி விடுகிற மாதிரி எழுந்து ஒதுங்கி நின்று, அப்புறம் பழையபடி படுத்துக்கொண்டது. பிரம்மநாயகம் செருப்பைக் கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். தெருமுனை சலூனில் சங்கரபாண்டி, பாதி மழித்த முகத்தோடு ஒரு வாடிக்கையாளரை நாற்காலியில் விட்டுவிட்டு, பிரஷ் மாட்டுகிற ஆணியில் தொங்கிய தேங்காய்நார்க் கயிற்றைப் பிரித்து, அழகாக, இறுக்கமாக, நுனிவரை பின்னிக்கொண்டிருந்தார்.

"சார், தப்பா நினைக்காதீக," என்றார் சங்கரபாண்டி. "கை நிக்க மாட்டேங்குது."

மறுநாளிலிருந்து அவர் கடை திறப்பதற்கு முன்னால் வந்து ஆவுடையம்மாளுக்குப் பின்னல் போட்டுவிட்டுப் போனார். வெறுங்கையோடு வராமல், பக்கத்துப் பூக்கடையில் ஒரு முழம் கதம்பம் வாங்கி வந்தார். ஆம்பளை ஒருத்தர் வந்து பொம்பளைக்குச் சடை பின்னுவதாவது என்று ஆரம்பத்தில் இரண்டொருவர் வாய்க்குள் முணுமுணுத்தார்கள். பின்னலைப் பார்த்த பிறகு, பெண்டுகள் அவரவர் வீட்டுப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். சங்கரபாண்டிக்கு அதில் பெருமைதான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

இப்படி ஒவ்வொன்றாகக் கிளம்பியது. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்கிற விவரமும், சேலைக் கொசுவத்தை ஒரே வீச்சில் எடுத்துச் செருகுகிற லாவகமும் பக்கத்து வீட்டு ஜெசிந்தா டீச்சருக்குப் போயின. கூடவே பால்காரரைத் திட்டுகிற திறமையும் போயிற்று. வகுப்பில் கூடச் சத்தம் போட்டு அறியாத ஜெசிந்தா டீச்சர், ஒருநாள் வாசலில் நின்று, பாலில் தண்ணி கலந்தியா தண்ணியில பால் கலந்தியா என்று ஆவுடையம்மாளின் ராகத்திலேயே இழுத்ததைக் கேட்டு, பால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட மறந்துவிட்டார். கேஸ் அடுப்பை மறக்காமல் மூடுவதும் முப்பிடாதிக்கே போய், அவர் பொழுது சாய்ந்ததும் தெருவில் எல்லார் வீட்டுக்குள்ளும் புகுந்து சிலிண்டரைத் திருகிவிட்டு வந்தார். அவளுடைய பேர்போன சீடைப் பக்குவம் யாருக்கு வரும் என்று தெருவே ஆவலோடு காத்திருந்தது. சிலர் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு ஆவுடையம்மாள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றுகொண்டிருப்பார்கள். அதை நம்பி மாவு அரைத்து வைத்தவர்களும் உண்டு.

ஆவுடையம்மாளுக்கும் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. தன்னுடையது எது எங்கே குடியிருக்கிறது என்று தெருவில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். முப்பிடாதியின் ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்து, நல்லாத்தான் இருக்கு, யாரு சொல்லிக் குடுத்தாக, புளி மட்டும் ஒரு பொட்டு கூட என்பாள். முப்பிடாதி பவ்யமாகத் தலையாட்டுவார்.

பிரம்மநாயகத்தின் துக்கம் வேறு. தெருமுனை சலூன்வரை போனது, எதிர்வீட்டுக்குப் போனது, மதில் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனது. கல்யாணமான நாளிலிருந்து ஒரே கூரைக்குக் கீழே, ஒரே தட்டிலிருந்து வற்றல் எடுத்துத் தின்றுகொண்டு இருக்கிற அவருக்கு மட்டும் ஒரு சிட்டிகை கூட வரவில்லை. அவர் வெட்கத்தை விட்டு எல்லா வித்தையும் செய்து பார்த்தார். ஆவுடையம்மாள் எதையாவது செய்யத் தடுமாறுகிற சமயத்தில் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று, பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கைகளையும் ஏந்தினார். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திப் பார்த்தார். அன்றைக்குப் போனது குளியலறைத் தண்ணீர்த் தூம்பு வழியாகப் போயிற்று; அது துணி மடிக்கிற பக்குவம் என்று பிறகு தெரிந்தது. ஈரத் துண்டோடு நின்ற அவரைச் சுற்றிக்கொண்டு போனதை அவரால் உணர முடிந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

ஜெசிந்தா டீச்சர்தான் சமாதானம் சொன்னார். "இரவல்னா அடுத்த வீட்டுக்குத்தானே சார் போகும்? ஒரே வீட்டுக்குள்ள யாராவது இரவல் வாங்குவாங்களா?"

நியாயமான பேச்சுதான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு மனசை என்ன செய்வது? உள்ளூர அவர் நினைத்தது இதுதான்: தனக்கு அவளிடமிருந்து எதுவும் தேவைப்பட்டதில்லை, அதனால்தான் தனக்கு எதுவும் வரவில்லை. ஏனென்றால் பிரம்மநாயகம் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறவர் என்று பேர் வாங்கியவர். கூட்ஸ் வண்டிக்கு நேரம் காலம் கிடையாது. எந்த ஜாமத்தில் வண்டி கிளம்பும் என்று சொல்ல முடியாது என்பதால், டூட்டிக்கு வர வேண்டியவர்களை வீட்டுக்கே போய் எழுப்பிவிட ரயில்வே ஓர் ஆளை அனுப்பும். மற்ற கார்டுகள் வீட்டில் அந்த ஆள் கதவை உடைக்காத குறையாகத் தட்டுவார். பிரம்மநாயகம் வீட்டில் மட்டும் அவர் கையை ஓங்குவதற்கு முன்னால் கதவு திறக்கும். முகம் கழுவி, சட்டை மாட்டி, கையில் விளக்கோடு நிற்பார். "நான் தானா முழிச்சிக்கிடுவேன். என்னை யாரும் எழுப்ப வேண்டாம்," என்பார். ஓய்வு பெறும் விழாவில் கூட, மாலையும் கழுத்துமாக நின்று, இதைத்தான் பேசினார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஆவுடையம்மாள் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினாள். வீட்டிலும் அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் அவள், அப்படியா, என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஆவுடையம்மாளிடம் இருந்த ஒரே குறை, அவள் கையில் எதுவும் நிற்காது. தினமும் எதையாவது கீழே போட்டுவிடுவாள், அதுவும் எழுந்ததும் எழாததுமாக. ஒரே எவர்சில்வர் டம்ளரே விழுந்து விழுந்து, விளிம்பு நெளிந்து, காப்பி குடித்தால் கடைவாயில் ஒழுகுகிற கதிக்கு வந்துவிட்டது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ஜெசிந்தா டீச்சர் வீட்டில் பால் அடுப்பேறும். இதைக் கடையில் போட்டு மாத்தினால் என்ன என்று பிரம்மநாயகம் சலித்துக்கொள்வார். கை வழுக்கிட்டு, என்பாள் அவள். மாற்ற மாட்டாள்.

பின்னல், சேலை, மாத்திரை எல்லாம் போன பிறகு, ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பிரம்மநாயகத்தை ஆவுடையம்மாள் மரியாதையோடு ஏறிட்டுப் பார்த்தாள்.

"யாரைப் பாக்க வந்திருக்கீக?" என்றாள்.

நாய் எழுந்து வழி விடுகிறதா என்று அவர் வாசலைப் பார்த்தார். அது படுத்தேதான் கிடந்தது.

"உன்னைத்தான் ஆவுடை," என்றார்.

"வீட்டுக்காரவுக டூட்டிக்குப் போயிருக்காக," என்று சொல்லி அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "அவுக வந்த பொறவு வாங்க."

அவர் வெற்றிலையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய், தண்டவாளத்து ஓரமாக ஒரு கூட்ஸ் வண்டி முழுசாகக் கடந்து முடிகிறவரைக்கும் நின்றுவிட்டு, கதவைத் தட்டி, டூட்டி முடிந்து வந்துவிட்டதாகச் சொன்னார். அப்போது அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு பிறகு அதுவும் போதவில்லை.

அதற்குப் பின்னால் வந்ததுதான் தெருவையே கவலைப்பட வைத்தது. ஆவுடையம்மாளுக்கு எழுந்திருக்க மறந்துபோயிற்று. விடிந்து வெயில் ஏறிக் கட்டிலில் விழுந்தாலும் அவள் அசைய மாட்டாள். கண் லேசாக மூடியிருக்கும், மூச்சு சீராக இருக்கும். தொட்டு எழுப்பினால், அறியாத ஆம்பளை கை வைத்துவிட்ட மாதிரி அலறினாள், ஒருநாள் பிரம்மநாயகத்தின் மணிக்கட்டைக் கடித்தும்விட்டாள். டீச்சர் போய்க் கூப்பிட்டாலும் போர்வைக்குள் சுருண்டு விம்மினாள். முப்பிடாதியின் ரசம் ஆறிக் கிடந்தது, சங்கரபாண்டி கதம்பத்தை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுத் திரும்பிப் போனார். டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். படுத்தே கிடந்தால் முதுகு புண்ணாகும், நெஞ்சில் சளி கட்டும், அப்புறம் எழுப்பவே முடியாது, பயப்படுத்தாமல் அவளாகவே எழுந்து உட்காரும்படி ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் போனார்.

பிரம்மநாயகத்துக்குச் செய்ய வேண்டியது தெரிந்திருந்தது. எழுந்திருப்பது இங்கேதான் யாரிடமோ போயிருக்கிறது. அந்த ஆளைப் பிடித்து வந்து கட்டிலோரம் நிறுத்த வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கினார். புதுசா சீக்கிரம் முழிப்பு வருதா, முழிச்சதும் என்ன தோணுது என்று விசாரித்தார். ரயிலடித் தெரு இந்தக் காரியத்தைச் சிரத்தையாக எடுத்துக்கொண்டது. டிவி பெட்டிகளை நேரத்தோடு அணைத்துவிட்டு எல்லாரும் படுத்து, காலையில் தாங்கள் எப்படி எழுந்தோம் என்பதைத் தாங்களே கவனித்துப் பார்த்து, பால் பூத்துக்கு முன்னால் கூடி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒருத்தருக்குக் கால் குடைச்சலில் முழிப்பு வந்ததாம், ஒருத்தருக்கு மாமியார் இருமலில். ஆவுடையம்மாளின் முழிப்பு ஒருத்தருக்கும் வரவில்லை. சொல்லப்போனால், இப்போதெல்லாம் தெருவில் எல்லாரும் நேரம் கழித்துத்தான் எழுந்திருக்கிறார்கள், ஏன் என்றே தெரியவில்லை என்றார் சங்கரபாண்டி. ஜெசிந்தா டீச்சரும் ஆமாம் என்றார். பிரம்மநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். மூஞ்சியில் வெயில் அடித்த பிறகுதான் அவரே எழுந்திருக்கிறார், அதுவும் சில நாளாக. அந்த அவமானத்தை அவர் வயசின் கணக்கில் எழுதிவைத்திருந்தார்.

தேடிக் களைத்துப்போய், இனி தேடுவதற்கு வீடு இல்லை என்று ஆன பிறகு, ஒருநாள் இரவு படுத்தவர், விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் தன் கால்கள் நடந்துகொண்டிருப்பதைக் கண்டுதான் விழித்தார். கால்கள் விளக்குப் போடவில்லை. நிலைப்படி உயரத்தை அவரைவிட நன்றாகத் தெரிந்து தாண்டி, சமையல்கட்டுக்குள் போய் நின்றன. கை மேலே போயிற்று. முன்வரிசையில் பளபளவென்று இருந்த டம்ளர்களை விட்டுவிட்டு, பின்னால் துழாவி, அந்த நெளிந்த டம்ளரை எடுத்தது. எடுத்துத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு, சும்மா நின்றது.

அவருடைய காது உள்ளறைப் பக்கம் திரும்பியிருந்தது. அங்கே ஆவுடையம்மாளின் மூச்சு ஆழமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது வேண்டாம், ஆழத்தில் இருக்கிறாள், இப்போது சத்தம் கேட்டால் திடுக்கிட்டுப் போவாள் என்று கை தானாகச் சொல்லிற்று. மூச்சு கொஞ்சம் மேலே ஏறி வந்தது. இன்னும் கொஞ்சம். தூக்கம் மெலிந்து, ஒரு சின்னச் சத்தம் போதும், யாரும் எழுப்பின மாதிரியே இருக்காது என்கிற இடத்துக்கு அது வந்ததும், விரல்கள் விட்டுவிட்டன.

டம்ளர் சிமெண்டுத் தரையில் விழுந்து, இரண்டு தரம் குதித்து, உருண்டுகொண்டே போய் கிரைண்டரின் காலில் முட்டி நின்றது.

பிரம்மநாயகத்துக்கு அந்த இருட்டில்தான் விஷயம் விளங்கிற்று. எந்த ஜாமத்தில் வண்டி என்றாலும், ஸ்டேஷனில் பெட்டி கோக்கிற சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு, அதற்கு முன்னால் ஒருத்தி எழுந்து, இதே இடத்தில் நின்று, அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். மழைக்காலத்தில், பிள்ளை வயிற்றில் இருந்தபோது, அவளுக்கே காய்ச்சல் அடித்தபோது. ஒருநாள் கூடச் சொல்லவில்லை. மாலை போட்ட மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கை வேறு தட்டியிருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. எல்லா இரவலிலும் பெரிய இரவல் வீட்டுக்குள்ளேயேதான் வந்திருக்கிறது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கொலுசில்லாத காலடி ஒன்று தயங்கித் தயங்கி வந்தது. ஆவுடையம்மாள் அவிழ்ந்த தலையோடு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் பயம் இல்லை. அவரை யார் என்று தெரிந்ததற்கான அடையாளமும் இல்லை.

"என்ன சத்தம்?" என்றாள்.

"கை வழுக்கிட்டு," என்றார் அவர்.

"அதுக்கு முந்தியே நான் எந்திரிச்சிட்டேன்," என்றாள் ஆவுடையம்மாள், தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு. "நான் தானா முழிச்சிக்கிடுவேன். என்னை யாரும் எழுப்ப வேண்டாம்."

பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. ஜெசிந்தா டீச்சர் பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுகிற சத்தம் கேட்டது. சங்கரபாண்டி வீட்டுத் தாழ்ப்பாள் சத்தமும், முப்பிடாதியின் இருமலும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

"அப்படியா," என்றார் பிரம்மநாயகம்.

குனிந்து டம்ளரை எடுத்தார். விளிம்பில் புதுசாக ஒரு நெளிவு விழுந்திருந்தது. அதைக் கழுவி, வெறுமனே கொடுக்கக் கூடாது என்பதால், தன் கைக்கு வந்தமட்டும் ஒரு காப்பி போட்டு, ஊற்றி, அவளிடம் நீட்டினார். அவள் ஒரு வாய் குடித்தாள். கடைவாயில் ஒழுகியதைத் துடைத்துக்கொண்டு, இதைக் கடையில் போட்டு மாத்தினால் என்ன என்று கேட்டாள். மாத்தலாம் என்று சொல்லிவிட்டு, அவள் குடித்து முடித்ததும் வாங்கிக் கழுவி, மற்ற டம்ளர்களுக்குப் பின்னால், கை எட்டுகிற இடத்தில் கவிழ்த்து வைத்தார்.